எஞ்சினைக் கழற்றாதீர்கள்: வீட்டு ரயில் கேள்வி–பதில்

வீட்டில் மாதிரி ரயில் கட்டி ஓட்டுபவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. ஒரு வீட்டில் வட்டப் பாதை ஓடத் தொடங்கினால் அடுத்த வரிசை வீட்டுக்கும் தொற்றிக்கொள்கிறது போலும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டில் 4 அடிக்கு 2 அடி பிளைவுட் ஒன்று மிச்சம் இருந்தது. ஜப்பானிய 'என்' (N) அளவு, அதாவது 9 மி.மீ. பாதைத் தண்டவாளப் பெட்டி வாங்கினேன். வளைவுகளைப் பூட்டினால் பாதை பலகைக்கு வெளியே நிற்கிறது. பெட்டியில் ஏதாவது தவறா?

பதில்: பெட்டி சரிதான், பலகைதான் சின்னது. 2 அடி என்பது 610 மி.மீ. உங்கள் பெட்டியில் இருப்பது 315 மி.மீ. ஆர வளைவு. ஆரம் என்பது பாதையின் நடுக்கோடு வரைதான். ஆகவே அரைவட்டத்தின் குறுக்களவு 630, அதோடு ஜல்லி அடித்தளத்தின் அகலம் 25. ஆக 655 மி.மீ. வேண்டும். 45 மி.மீ. துண்டு விழுகிறது.

இதே பலகையில்தான் கட்டுவேன் என்றால் 249 மி.மீ. வளைவுக்கு மாறுங்கள். 45 பாகைத் துண்டு 8, நேர்த்துண்டு 248 மி.மீ. 4, 124 மி.மீ. 2. மொத்த அளவு 1143க்கு 523 மி.மீ. நான்கு பக்கமும் நாற்பது மி.மீ. போல விளிம்பு மிஞ்சும். தடம் புரண்ட எஞ்சின் தரைக்குப் போகாமல் இருக்க அது தேவை. 282 மி.மீ. வளைவும் கணக்குப்படி அடங்கும், ஆனால் விளிம்பு 10 மி.மீ.தான். நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். 249இல் ஒரு குறை: 20 மீட்டர் பெட்டிகள் பெரும்பாலும் ஓடினாலும் வளைவில் மூலை வெளியே துருத்தும். புல்லட் ரயில் போன்ற நீளப் பெட்டிகளுக்குப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஆரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

புதுப் பலகை வாங்கலாம் என்றால் 4க்கு 2½ அடிதான் எங்கள் சிபாரிசு. ஹார்ட்வேர் கடையில் 8க்கு 4 அடித் தகட்டை அந்த அளவுக்கு வெட்டச் சொன்னால் மூன்று பலகையும் 6 அங்குலப் பட்டை ஒன்றும் கிடைக்கும். நண்பர்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். 315 வளைவும் ஒரு பக்கத்துக்கு இரண்டு 248 துண்டும் போட்டால் 1151க்கு 655, தாராளமாக உட்காரும். 2½ அடிக்கு மேல் அகலம் வேண்டாம். சுவரோரம் போட்ட பலகையில் கை எட்டாத இடத்தில்தான் ரயில் கவிழும்.

பிளைவுட் 9 மி.மீ. கனம் போதும், அடியில் சட்டம் இருந்தால். 1க்கு 2 அங்குலக் கட்டையில் நீளவாட்டில் இரண்டு, குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு. மொத்தம் 18 அடி கட்டை வாங்குங்கள். சட்டம் அடித்ததும் தண்டவாளம் பதிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் மேல், கீழ், நான்கு வெட்டுவாய் எல்லாவற்றுக்கும் இரண்டு கை பெயிண்ட். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரம் குடித்து உப்பி, பலகை வில்லாக வளையும். வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளிந்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். ஒரு மீட்டர் தண்டவாளம் 10 பாகை சூட்டுக்கு 0.2 மி.மீ. கூட நீளாது. அசைவது அடியில் இருக்கும் மரம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஜப்பானிய பவர் பேக் (பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வரவழைத்தேன். தட்டையான இரண்டு முள் பிளக். பயண அடாப்டர் போட்டு நம் சாக்கெட்டில் செருகியதும் கருகிய வாடை. ரயிலும் போய்விட்டதா?

பதில்: அனேகமாக ரயில் பிழைத்திருக்கும். பவர் பேக் போனது போனதுதான். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பயண அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 2.3 மடங்கு வோல்ட் ஏறினால் சூடு ஐந்து மடங்குக்கு மேல் ஏறும்.

எஞ்சினைச் சோதிக்க 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். அதன் இரண்டு முனையிலிருந்தும் ஒயர் எடுத்துத் தண்டவாளத்துக்கு ஒன்றாகத் தொடுங்கள். ஓடினால் கவலை இல்லை.

அடுத்து வாங்கும்போது அடாப்டரின் முதுகைப் படியுங்கள். "100–240" என்று இருந்தால் முள்ளை மாற்றினால் போதும். "100" மட்டும் இருந்தால் 230ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை. சிறிய பாதைக்கு 50 விஏ (வோல்ட்-ஆம்பியர்) தாராளம். அதற்குச் செலவழிப்பதைவிட 230 வோல்ட்டுக்கே செய்த கண்ட்ரோலர் வாங்குவது மேல் என்பது எங்கள் எண்ணம். இன்னொன்று: பிற்பகலில் இடி கேட்டால் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கையே உருவிவிடுங்கள்.

கேள்வி: தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ரயிலை எடுத்தால் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. தள்ளிவிட்டால் ஓடுகிறது. வட்டத்தின் மறுபக்கம் போனால் வேகமும் குறைகிறது. எஞ்சினைக் கழற்றி எண்ணெய் விட்டேன்; இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: இதே கேள்வியை ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் எஞ்சினைக் கழற்றியிருக்கிறார்கள். பாதையில் கை வைத்தவர் ஒருவரும் இல்லை.

முதலில் குற்றவாளி யார் என்று பிரியுங்கள். வேறொரு எஞ்சினை அதே இடத்தில் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் பாதை. ஒன்று மட்டும் எல்லா இடத்திலும் திக்கினால் அந்த எஞ்சின். உங்கள் கடிதப்படி இடம் மாறவில்லை. ஆகவே பாதை.

அதிலும் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒரே இடத்தில் நிற்பது அழுக்கு. மறுபக்கம் வேகம் குறைவது மின்சாரம் வழியில் தேய்ந்துபோவது.

அழுக்கிலிருந்து தொடங்குவோம். தண்டவாள உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர்; அதில் வெள்ளி குன்றிமணி அளவும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும்போது உலோகம் கருகுகிறது. அந்தக் கரியோடு தூசியும், எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயும், பிளாஸ்டிக் சக்கரத்தின் தேய்மானமும் சேர்ந்து கறுப்புப் பிசினாகிவிடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வாரம் ஓடாமல் கிடந்தாலே போதும். நீங்கள் விட்ட எண்ணெய் சக்கரத்துக்கு இறங்கி இதை வளர்த்திருக்கிறது.

உப்புத்தாள் போடாதீர்கள். அது விடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். பஞ்சு நூல் துணியைச் சிறு கட்டையில் சுற்றி, வெள்ளை ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ இரண்டு சொட்டு மட்டும் விட்டு, துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும் வரை தேயுங்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது, பக்கத்தில் அடுப்பு கூடாது. ஆல்கஹாலும் அழுக்கை எடுக்கும், ஆனால் அதில் துடைத்த பாதை சீக்கிரமே மறுபடி கறுக்கிறது. பிறகு 4பி அல்லது 6பி பென்சிலால் தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஒரே ஒரு கோடு. அதிகம் போட்டால் சக்கரம் வழுக்கும்.

சக்கரத்துக்கு: மெல்லிய காகிதத் துணியை நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். எஞ்சினின் முன்முனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் பின்முனைச் சக்கரங்கள் காகிதத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். சக்கரம் தானே சுழன்று இரண்டு கறுப்புக் கோடு போடும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்துக்கு மட்டும் மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். அதற்கு ஆல்கஹால்.

இனி வேகம் குறைவது. நிக்கல் சில்வர் செம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்சாரத்தைத் தடுக்கும். அதைவிடப் பெரிய தடை துண்டுகளை இணைக்கும் ஜாயினர். மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். ரயிலே இல்லாமல் அளந்தால் எல்லா இடத்திலும் நல்ல வோல்ட்தான் காட்டும், ஏமாந்துபோவீர்கள். 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பாதையின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். ஓர் எஞ்சின் இழுக்கும் அளவு, கால் ஆம்பியர் போல, அது இழுக்கும். சூடாகும், கையால் பிடிக்காதீர்கள். ஒயர் இணைத்த இடத்தில் 10 வோல்ட் இருந்து கடைக்கோடியில் 9½ இருந்தால் பரவாயில்லை. 7 என்றால் வழியில் திருட்டு நடக்கிறது. இப்போது மீட்டரின் ஒரு முள்ளை ஒரு மூட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும், ஒரே தண்டவாளத்தில், வையுங்கள். நல்ல மூட்டு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். எந்த மூட்டில் 0.3, 0.4 என்று குதிக்கிறதோ அதுதான். அந்த ஜாயினரைப் புதியதாக மாற்றுங்கள்.

மறுபடி வராமல் இருக்க, பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வீட்டு ஒயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், சுற்றி ஓட விடுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு முறை மெல்லிய ஒயரால் பாதைக்கு ஏற்றுங்கள். வெளித்தண்டவாளம் எப்போதும் சிவப்பு என்று வைத்துக்கொண்டால் மாறிப்போகாது. ஒயரைப் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை மூன்று வினாடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகி அகலம் மாறிவிடும்.

கேள்வி: நம் ஊர் வழியாகப் போகும் மலேசிய ரயில்வே (கே.டி.எம்.) பாதையையும் காராய் பக்கத்து விக்டோரியா பாலத்தையும் செய்ய ஆசை. எந்த அளவில் செய்தால் சரியாக இருக்கும்?

பதில்: தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடிய முதல் ரயிலிலிருந்து இன்றைய ஈ.டி.எஸ். மின்ரயில் வரை நம்முடையது மீட்டர் பாதை: இரு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ. இதை 87இல் ஒரு பங்காக்கினால் 11.5 மி.மீ.; 12 மி.மீ. பாதையில் கச்சிதமாக உட்காரும். எச்ஓஎம் என்று சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காக அந்தப் பாதை விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் மலையேறத்தான் வேண்டும்.

'என்' அளவில் 9 மி.மீ. பாதை. 150இல் ஒரு பங்குப் பெட்டிகளை அதில் ஓட்டினால் பாதை உண்மையில் 1350 மி.மீ. என்று ஆகிறது, நம்முடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலம். 1067 மி.மீ. பாதையுள்ள ஜப்பானியரும் இந்தச் சமரசத்தோடுதான் ஓட்டுகிறார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. எங்கள் ஓட்டு இதற்கே.

1900இல் திறந்த விக்டோரியா பாலம் சுமார் 350 மீட்டர் நீளம். 150இல் ஒரு பங்கு என்றாலும் 2.3 மீட்டர் வரும். உங்கள் பலகை 1.2 மீட்டர். முழுதும் செய்ய நினைத்தால் பாலம் இருக்கும், ஊர் இருக்காது. செங்கல் தூண் இரண்டும் அவற்றின் மேல் இரும்புச் சட்டங்களும் எடுத்து, பலகையின் விளிம்பில் பாலம் வெட்டுப்படுவதுபோல விடுங்கள். அளவெடுக்க ஓர் அடிக்கோலைத் தூணோடு சாய்த்து வைத்து நேர் எதிரே நின்று படம் எடுங்கள். அந்தக் கோலை வைத்தே செங்கல் வரிசையை எண்ணிக்கொள்ளலாம்.

இடம் குறைவு, ஆனால் மண்வாசனை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி: தோட்டத்துச் சிறு ரயில். கீழ்ப் பேராக்கின் செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றிய வண்டிகள் 700 மி.மீ. பாதையில் ஓடுகின்றன. 87இல் ஒரு பங்கு உருவத்தை அதே 9 மி.மீ. 'என்' பாதையில் ஏற்றினால் 783 மி.மீ. ஆகும். குறும்பாதைக்கு அது ஏற்றுக்கொண்ட அளவு. டோமிக்ஸ் நிறுவனத்தின் 140 மி.மீ. ஆரக் குட்டி வளைவுகளில் முழு வட்டமே 300 மி.மீ.க்குள் முடியும், சாப்பாட்டுத் தட்டு அளவு. காட்டோ நிறுவனத்தின் சிறிய 'என்' எஞ்சின் அடிச்சட்டம் ஒன்று வாங்கி, 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் 40க்கு 17 மி.மீ. அளவில் டீசல் எஞ்சின் உடலைச் செய்து மேலே கவிழ்த்தால் ஆயிற்று. உள்ளே ஈயத்துண்டு வைத்துக் கனம் கூட்டுங்கள், இல்லையென்றால் வெறும் சக்கரம்தான் சுழலும்.

கேள்வி: பாதை இரண்டாகப் பிரியும் பாய்ண்ட்ஸ் வரும் இடத்தில் பெட்டி கவிழ்கிறது. பின்பக்கமாக ஓட்டினால் கவிழ்வதில்லை. இன்னொன்று, பக்கப் பாதையில் நிறுத்திய எஞ்சின் சில நேரம் அசைவதே இல்லை.

பதில்: பாய்ண்ட்ஸின் நாக்கு (பாதையை மாற்ற அசையும் கூர்த்தண்டவாளம்) முனையை எதிர்கொண்டு போகும்போது மட்டும் கவிழ்ந்தால், நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி உட்காரவில்லை. சாதாரண எழுதுதாளில் ஒரு கீற்று வெட்டி இடையில் செருகி இழுங்கள். பிடிப்பில்லாமல் உருவி வந்தால் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் ஒரு மணல் துகள் அல்லது ஜல்லிப் பசை. அது இல்லையென்றால் ஆணியைத் தளர்த்திப் பாருங்கள். இறுக்கி அடித்த ஆணி பிளாஸ்டிக்கை முறுக்கிவிடும். கடைசி வழியாகத்தான் 1000 எண் உப்புத்தாளால் நாக்கு முனையை மென்மையாகச் சீவுவது. ஒரே பெட்டிதான் எப்போதும் கவிழ்கிறது என்றால் பாய்ண்ட்ஸை விட்டுவிட்டு அந்தப் பெட்டியின் சக்கர இடைவெளியைப் பாருங்கள்.

பக்கப் பாதை எஞ்சினுக்குக் கோளாறு இல்லை. சில பாய்ண்ட்ஸ் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டுமே மின்சாரம் விடும். நிறுத்தி வைக்க வசதி என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: டிசிசிக்கு (ரயிலை டிஜிட்டலாக இயக்கும் முறை) மாறினேன். ரயில் திரும்பி அதே பாதையில் வரட்டும் என்று சுருக்குப் போட்டது போல ஒரு வளையம் வைத்தேன். இணைத்த உடனே கண்ட்ரோலர் அணைந்துவிடுகிறது.

பதில்: வளையம் சுற்றி வந்து தன்னோடு சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலதைத் தொடுகிறது. ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களிலும், ஆக நான்கு இடத்தில், பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுப் பிரியுங்கள். பிரித்த பகுதி உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்குத் தானியங்கியாகத் துருவம் மாற்றும் கருவி ஒன்று.

இந்தச் சாக்கில் எல்லோரும் ஒரு சோதனை செய்யுங்கள். 20 சென் காசை மீட்டருக்கு ஓரிடமாகத் தண்டவாளங்களின் குறுக்கே வையுங்கள். வைத்த உடனே கண்ட்ரோலர் அணைய வேண்டும். அணையாத இடத்தில் ஒயர் போதவில்லை. அங்கே ரயில் கவிழ்ந்தால் மின்சாரம் நிற்காமல் பாய்ந்து சக்கரத்தை உருக்கிவிடும்.

கேள்வி: புத்தகங்களை அடுக்கி மேம்பாலம் செய்தோம். எஞ்சின் பாதியில் வழுக்குகிறது.

பதில்: ஒரு மீட்டருக்கு 50 மி.மீ. ஏற்றியிருப்பீர்கள், அது 5 சதவீதம். நிம்மதியாக ஏற 2 சதவீதம் வேண்டும். கீழே ரயில் போக 50 மி.மீ. உயரம் என்றால் ஏற்றத்துக்கு மட்டும் 2½ மீட்டர், இறக்கத்துக்கு இன்னொரு 2½. நாம் மேலே சொன்ன 4க்கு 2½ அடிப் பலகையில் ஒரு சுற்றே 3 மீட்டர்தான். 4 சதவீதத்துக்கு இறங்கி, பெட்டிகளை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் சட்டென்று மடிக்காமல் முதல் துண்டைப் பாதிச் சரிவில் வையுங்கள்.

கேள்வி: செம்பனை மரம் எங்கும் விலைக்குக் கிடைக்கவில்லை. கடையில் இருப்பதெல்லாம் தென்னை. நானே செய்த சில மரங்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

பதில்: தென்னையை வைத்துச் செம்பனை என்று சொன்னால் தோட்டத்தில் வளர்ந்த யாரும் சிரித்துவிடுவார்கள். தண்டுக்குச் சாத்தே குச்சி. 150இல் ஒரு பங்குக்கு 3 மி.மீ. கனம் சரியாக இருக்கும். வெள்ளைப் பசையில் நனைத்த தையல் நூலை நெருக்கமாகச் சுற்றினால் வெட்டிய மட்டைகளின் சொரசொரப்பு வந்துவிடும். ஓலைக்குப் பச்சைத் தாளை மெல்லிய கம்பியின் மேல் மடித்து ஒட்டி, 40 மி.மீ. நீளம் வெட்டி, இரு பக்கமும் சீப்புப் பல்லாகக் கீறுங்கள். மரத்துக்கு 14, 16 ஓலை. மேலே இருப்பவை நிமிர்ந்தும் கீழே இருப்பவை தொங்கியும் இருக்கட்டும்.

நடும் முறை முக்கியம். தோட்டத்தில் முக்கோணமாக 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவது வழக்கம். உங்கள் பலகையில் அது மரத்துக்கு மரம் 60 மி.மீ., வரிசைக்கு வரிசை 52 மி.மீ. ஒரு சதுர அடியில் முப்பது மரம் போல வரும். கண்டபடி நட்டால் அது காடு.

பூஞ்சணம் வருவது மரத்தூள், தேயிலைத் தூள், தென்னை நார் இவற்றைப் பச்சையாகப் பயன்படுத்துவதால். அடுப்புப் பெட்டியில் 100 பாகையில் அரை மணி நேரம் வறட்டி எடுங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் விடும் பசை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். ஒட்டிய பிறகு இரண்டு நாள் மின்விசிறிக் காற்று. ஈரத்தோடு பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம்.

கேள்வி: பல்லி எச்சம், எறும்பு. என்ன செய்வது?

பதில்: ஓடாத நேரத்தில் பழைய பாத்திக் கைலியால் மூடுங்கள்; துணியில் காற்று புகும். எச்சம் காய்ந்திருந்தால் ஸ்பிரிட்டில் கரையாது. தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஊறவைத்து எடுத்து, உடனே உலர்த்துங்கள். எறும்பு வருவது மைதா மாவுப் பசையில் செய்த காகித மலைக்கு. கரப்பானும் அதைத் தேடித்தான் வரும். மலையைப் பெயர்த்துவிட்டு வெள்ளைப் பசையில் மறுபடி கட்டுங்கள்.